நாளையை விற்று ஒருவனை வாங்குதல்: அமெரிக்கக் கால்பந்தும் உபரி மதிப்பும்

1

அமெரிக்கர்கள் ‘ஃபுட்பால்’ என்று சொல்வது நாம் சொல்லும் கால்பந்து அல்ல. அதில் காலால் உதைக்கிற வேலை குறைவு. கைக்கும் தோளுக்கும்தான் வேலை. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், பக்கத்துக்குப் பதினோரு பேர், ஒருவரையொருவர் மோதிச் சாய்க்கிற ஆட்டம். இதன் விதிகளெல்லாம் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். தாக்கி ஆடும் அணியில் ஏறக்குறைய ஒவ்வொரு ஆட்டமும் ஒரே ஒருவரின் கையிலிருந்துதான் தொடங்குகிறது. பந்து அவரிடம் வருகிறது. எறிவதா, பக்கத்திலிருப்பவர் கையில் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பதை இரண்டு மூன்று விநாடிக்குள் அவர் முடிவுசெய்தாக வேண்டும். அவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். மற்ற பத்துப் பேர் உடம்பு, இவர் மூளை என்பது அங்கே நெடுங்காலமாக வழங்கிவரும் தொன்மம். தொன்மம் என்று ஏன் சொல்கிறோம் என்பதற்குப் பின்னால் வருவோம்.

இந்த ஒருவரைப் பிடிப்பதற்காக அணிகள் தங்களுடைய அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளையே விற்றுவிடுகின்றன. 2012இல் வாஷிங்டன், 2016இல் லாஸ் ஏஞ்சலஸ், 2017இல் சிகாகோ, 2021இல் சான் பிரான்சிஸ்கோ, 2023இல் கரோலினா. பட்டியல் இன்னும் நீளம். விளையாட்டுப் பக்கங்களில் இது சூதாட்டக் கதையாக எழுதப்படுகிறது. ஜெயித்தால் மேதை, தோற்றால் முட்டாள். அவ்வளவுதான் விமர்சனம். நாம் கேட்க விரும்பும் கேள்விகள் வேறு. இந்த வியாபாரத்தில் உண்மையில் கைமாறுவது எது? அதற்கு விலை கொடுப்பவர் யார்?

2

முதலில் ‘டிராஃப்ட்’ என்கிற ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். தேசியக் கால்பந்து லீக் (என்.எஃப்.எல்.) 1920இல் தொடங்கியது. 1935இல் பிலடெல்பியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் ஒரு யோசனை சொன்னார். கல்லூரிகளிலிருந்து வெளிவரும் ஆட்டக்காரர்களுக்காக அணிகள் ஆளாளுக்குப் போட்டி போட வேண்டாம். வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொருவராகத் தேர்ந்தெடுத்துக்கொள்வோம். போன வருஷம் கடைசியில் நின்ற அணி முதலில் எடுக்கட்டும். ஜெயித்த அணி கடைசியில் எடுக்கட்டும். 1936இல் 9 அணிகள் 9 சுற்றுகளில் 81 பேரைத் தேர்ந்தெடுத்தன. இன்றைக்கு 32 அணிகள், 7 சுற்றுகள்.

தோற்றவனுக்கு முதல் பந்தி. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! பலவீனமானவனுக்கு முன்னுரிமை, வலுவானவன் பொறுத்திருக்க வேண்டும். சந்தையைக் கும்பிடும் ஒரு தேசத்தில் இப்படியொரு சமத்துவமா என்று வியக்கத் தோன்றும். அமெரிக்க விளையாட்டைப் பற்றிய சொல்லாடலில் டிராஃப்ட் இப்படித்தான் நியாயப்படுத்தப்படுகிறது.

ஆனால் யாருக்கிடையிலான சமத்துவம் இது? முதலாளிகளுக்கிடையிலானது. அதற்கு முன்பு ஒரு கல்லூரிப் பையன் எந்த அணியோடும் பேசலாம், அதிகம் தருகிறவரிடம் போகலாம். அதற்குப் பிறகு அவனைத் தேர்ந்தெடுத்த அணியோடு மட்டும்தான் பேச முடியும். ஏலம் என்றால் நமக்குத் தெரியும்: இரண்டு பேர் கேட்டால் விலை ஏறும். இது ஏலத்துக்கு நேர் எதிர். இரண்டாவது ஆள் கேட்கவே முடியாது என்பதுதான் இதன் ஒரே விதி. ஆக, தேர்வுரிமை என்பது ஆட்டக்காரர் அல்ல. ஒரு மனிதனோடு கூலி பேச மற்ற எல்லோருக்கும் மறுக்கப்பட்ட, ஓர் அணிக்கு மட்டுமே வழங்கப்பட்ட தனியுரிமை அது.

அந்த உரிமை கைமாறத்தக்கது. இந்த வருஷத்து முறையையும் விற்கலாம், அடுத்த வருஷத்ததையும் அதற்கடுத்ததையும் விற்கலாம். அப்போது அந்த உரிமைக்கு உட்படப்போகும் பையன் கல்லூரியில் முதலாண்டில் இருப்பான், பள்ளிக்கூடத்தில்கூட இருக்கலாம். 1936இல் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். பிலடெல்பியா அவரைத் தேர்ந்தெடுத்து, அந்த உரிமையைச் சிகாகோ பேர்ஸ் அணிக்கு மாற்றிக்கொடுத்தது. சம்பளம் ஒத்துவரவில்லை. அவர் தொழில்முறை ஆட்டத்தில் ஒருநாளும் இறங்கவில்லை. இந்த ஏற்பாட்டின் மர்மம் முழுவதும் அந்த முதல் சம்பவத்திலேயே இருக்கிறது எனலாம். மனிதன் வரவில்லை, அவன்மீதான உரிமை மட்டும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்விட்டது.

3

கைமாறுகிற எதற்கும் நாணயம் வேண்டும். அந்த நாணயம் எப்படி உருவானது என்பதே ஒரு தனிக்கதை. 1989இல் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி தன்னுடைய நட்சத்திர ஓட்டக்காரர் ஹெர்ஷல் வாக்கரை மின்னசோட்டாவுக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு ஆட்டக்காரர்களையும் தேர்வுரிமைகளையும் கட்டுக்கட்டாக வாங்கிக்கொண்டது. 1990களின் பாதிக்குள் மூன்று சாம்பியன் பட்டங்களை வென்ற டல்லாஸ் அணி இதன்மேல்தான் எழுந்தது. கையில் இத்தனை உரிமைகள் இருந்ததால் வாங்கவும் விற்கவும் ஒரு ரெடி ரெக்கனர் தேவைப்பட்டது. அணியின் பங்குதாரர்களில் ஒருவரான மைக் மெக்காய், பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனுக்காக அதைப் போட்டுக் கொடுத்தார். முதல் இடத்துக்கு 3000 புள்ளி, இரண்டாவதற்கு 2600, மூன்றாவதற்கு 2200. அப்படியே இறங்கி, பதினாறாவதற்கு 1000, முப்பத்திரண்டாவதற்கு 590.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? முதலில் எடுக்கப்பட்ட ஆட்டக்காரர்கள் எவ்வளவு நன்றாக ஆடினார்கள் என்று பார்த்து வந்தவை அல்ல. அதற்கு முந்தைய பேரங்களில் அணிகள் எதற்கு எதைக் கொடுத்தன என்று பார்த்து வந்தவை. அதாவது விலையிலிருந்து விலை. டல்லாஸில் வேலை பார்த்தவர்கள் வேறு அணிகளுக்குப் போனபோது பட்டியலும் கூடவே போயிற்று. கொஞ்ச நாளில் எல்லோரும் அதை வைத்தே பேரம் பேசினார்கள். எல்லோரும் அதை வைத்துப் பேசியதால் அது சரியாகவும் ஆகிவிட்டது. குறி தனக்கு வெளியே எதையும் சுட்டாமல் தன்னையே சுட்டிக்கொண்டு சுழல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கோட்பாட்டுப் புத்தகங்களில்கூடக் கிடைக்காது.

ஆட்டத்தோடு இந்தப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இரண்டு பொருளியலாளர்கள்: கேட் மேஸி, ரிச்சர்ட் தேலர். (தேலருக்கு 2017இல் பொருளியல் நோபல் கிடைத்தது.) 2005இல் சுற்றுக்கு வந்து 2013இல் ஆய்விதழில் அச்சான அவர்களது கட்டுரையின் தலைப்பைத் ‘தோற்றவனின் சாபம்’ என்று தமிழில் சொல்லலாம். ஒரே இடத்தில் ஆடும் இரண்டு பேர் அடுத்தடுத்துத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்றால், முதலில் எடுக்கப்பட்டவர் இரண்டாமவரைவிட நன்றாக ஆட எவ்வளவு வாய்ப்பு? நூற்றுக்கு 52 என்கிற அளவில்தான் என்றார்கள். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் அணிகள் ஆண்டுகளைக் கொட்டிக் கொடுக்கின்றன.

அவர்கள் கவனித்த இன்னொரு விஷயம் வட்டி. இந்த ஆண்டின் இரண்டாம் சுற்று உரிமையை வாங்க, அடுத்த ஆண்டின் முதல் சுற்று உரிமையைக் கொடுப்பது ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. ஒரே வருஷத்தில் ஒரு சுற்று வித்தியாசம்! கந்துவட்டிக்காரன்கூட வெட்கப்படுகிற வட்டி இது. கையில காசு, வாயில தோசை என்கிற அவசரம்.

4

மேஸியும் தேலரும் தங்கள் கணக்கின் மையத்தில் வைக்கும் சொல் ‘உபரி மதிப்பு’. மார்க்ஸ் அவர்கள் மனதில் இல்லை. ஓர் ஆட்டக்காரர் களத்தில் ஈட்டித்தருகிற மதிப்பிலிருந்து அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தைக் கழித்தால் அணிக்கு மிஞ்சுவது உபரி. ஆனால் தொழிலாளி உருவாக்கும் மதிப்புக்கும் அவன் கூலிக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் முதலாளியின் உயிர் என்பதை நிறுவ மார்க்ஸ் பல நூறு பக்கங்கள் எழுத வேண்டியிருந்தது. இங்கே முதலாளியின் பக்கம் நின்று கணக்குப் போடுகிறவர்களே அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் கண்டது இதுதான்: முதல் இடங்களில் எடுக்கப்படுகிறவர்கள் நன்றாக ஆடினாலும் அவர்களுடைய சம்பளம் அதைவிட வேகமாக உயர்ந்ததால், அணிக்கு மிஞ்சும் உபரி உச்சியில் இல்லை, கொஞ்சம் தள்ளிக் கீழே இருக்கிறது.

சரி, இந்தச் சாபத்தை எப்படி நீக்குவது? குறைவாக விலை கொடுத்தால் போகிறது என்று நாம் சொல்வோம். லீக் கண்டுபிடித்த பரிகாரம் வேறு: பையன்களின் கூலியைக் குறைப்பது. 2010இல் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். அதில் 5 கோடிக்கு உத்தரவாதம் உண்டு. 2011இல் லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் புதிய உடன்பாடு ஏற்பட்டு, புதியவர்களின் சம்பளத்துக்கு வரம்பு வந்தது. அதே ஆண்டு, அதே முதல் இடம், அதே குவார்ட்டர்பேக் வேலை: கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது 4 ஆண்டுகளுக்குச் சுமார் 2.2 கோடி. ஒரே வருஷத்தில் அந்த வேலையின் விலை சரிந்துவிட்டது, வேலை அப்படியே இருந்தது.

இந்த உடன்பாட்டில் கையெழுத்திட்ட சங்கம் யாருடையது? ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்களுடையது. யாருடைய கூலி வெட்டப்பட்டதோ அவர்கள் அப்போது கல்லூரியில் இருந்தார்கள், பள்ளியில் இருந்தார்கள். சங்கத்தில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. பேச்சுவார்த்தை நடந்த அறையில் அவர்கள் இல்லை.

இந்த இடத்தில்தான் குவார்ட்டர்பேக் வேட்டை புதிய வேகம் பெறுகிறது. ஓர் அணி மொத்தச் சம்பளமாக எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு 1994 முதல் உச்சவரம்பு உண்டு. 2023இல் அது 22.48 கோடி டாலர். அந்த ஆண்டு சின்சினாட்டியின் ஜோ பர்ரோ தன் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது ஆண்டுக்குச் சராசரி 5.5 கோடி. அதே 2023இல் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட பிரைஸ் யங்குக்கு 4 ஆண்டுகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 3.8 கோடி. ஆக, ஒரு நல்ல குவார்ட்டர்பேக்கை இளமையில் பிடித்துவிட்டால் முதல் நான்கு வருஷம் ஆண்டுக்கு நாலு கோடிக்கு மேல் மிச்சம். அந்த மிச்சத்தில் இன்னும் ஐந்தாறு நல்ல ஆட்டக்காரர்களை வாங்கலாம். அணிகள் மூன்று முதல் சுற்று உரிமைகளைக் கொடுத்து வாங்குவது மனிதனை அல்ல, இந்த இடைவெளியை. டிராஃப்ட் இல்லையென்றால், அதாவது அந்தப் பையன் முப்பத்திரண்டு பேரிடமும் பேசலாமென்றால், இடைவெளி மூடிக்கொள்ளும். தேர்வுரிமைக்கும் விலை இருக்காது.

இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2021இல் சான் பிரான்சிஸ்கோ தன் பன்னிரண்டாவது இடத்தோடு 2022, 2023 முதல் சுற்றுகளையும் ஒரு மூன்றாம் சுற்றையும் மயாமிக்குக் கொடுத்து மூன்றாவது இடத்துக்கு ஏறி, ட்ரே லான்ஸை எடுத்தது. அந்த அணிக்காக அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது நான்கே ஆட்டங்கள். 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று உரிமைக்கு அவரை டல்லாஸுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் அணி மூழ்கவில்லை. 2022 டிராஃப்ட்டின் கடைசி ஆளாக, 262ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட பிராக் பர்டி 2024 பிப்ரவரியில் அதை இறுதிப்போட்டிவரை கொண்டுபோனார். அந்தப் பருவத்தில் அவருடைய சம்பளம் 8 லட்சத்து 70 ஆயிரம் டாலர். கடைசி இடத்தை அங்கே ‘பொருட்படுத்தத் தேவையில்லாதவர்’ என்று கேலியாகச் சொல்வார்கள். உபரியை அள்ளிக் கொடுத்தவர் அவர்தான்.

5

இருந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. நூற்றுக்கு 52 என்று தெரிந்த பிறகும் ஏன் கொட்டிக் கொடுக்கிறார்கள்? அறியாமை என்று சொல்லித் தப்பித்துவிட முடியாது. அணிகளில் இன்று கணிதம் படித்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

விடை காலத்தில் இருக்கிறது. முடிவெடுப்பவர் பொது மேலாளர். அவருடைய பதவிக்காலம், அவர் வாங்கும் கடனின் காலத்தைவிடக் குறைவு. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே.

சிகாகோவைப் பாருங்கள். 2017இல் மேலாளர் ரையன் பேஸ், மூன்றாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு, ஒரே ஒரு படி ஏற, மேலும் மூன்று தேர்வுரிமைகளைச் சேர்த்துக் கொடுத்து மிட்செல் ட்ரபிஸ்கியை எடுத்தார். அதே டிராஃப்ட்டில் பத்தாவது இடத்தில் கேன்சஸ் சிட்டி எடுத்தவர் பேட்ரிக் மஹோம்ஸ். ட்ரபிஸ்கி நிலைக்கவில்லை. 2021இல் அதே மேலாளர் அடுத்த ஆண்டின் முதல் சுற்றையும் சேர்த்து நியூயார்க் ஜயன்ட்ஸுக்குக் கொடுத்து ஜஸ்டின் ஃபீல்ட்ஸை எடுத்தார். 2022 ஜனவரியில் பதவி போயிற்று. புதிதாக வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அந்த ஆண்டின் முதல் சுற்று உரிமை அணியிடம் இல்லை. கடன் வாங்கியவர் போய்விட்டார், கடன் போகவில்லை.

கரோலினாவின் கதை இன்னும் கூர்மையானது. 2023இல் முதல் இடத்தைச் சிகாகோவிடமிருந்து வாங்க, ஒன்பதாவது இடம், அறுபத்தொன்றாவது இடம், 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று ஆகியவற்றோடு டி.ஜே. மூர் என்கிற முன்னணி ஆட்டக்காரரையும் கொடுத்தார்கள். எடுத்தது பிரைஸ் யங்கை. அந்தப் பருவத்தில் 17 ஆட்டங்களில் 2 வெற்றி, லீகிலேயே கடைசி. கடைசியில் நிற்பவருக்கு அடுத்த ஆண்டு முதல் பந்தி என்பதுதானே விதி? ஆனால் இலை ஏற்கெனவே விற்றாயிற்று. அந்த முதல் இடத்தில் 2024இல் சிகாகோ உட்கார்ந்து கேலப் வில்லியம்ஸை எடுத்தது. பேரத்தை நடத்திய மேலாளரும் அந்தப் பருவத்துக்காக வந்த பயிற்சியாளரும் 2024 ஜனவரி முடிவதற்குள் பதவியில் இல்லை.

முதலாளி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறார். அவருக்கு என்ன நஷ்டம்? 2021இல் தொலைக்காட்சி நிறுவனங்களோடு லீக் செய்த ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 10,000 கோடி டாலருக்கு மேல். அந்தப் பணம் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. கடைசியில் நின்றாலும் அதே பங்கு. டிராஃப்ட் எந்தச் சமத்துவத்தைப் பேசுகிறதோ அது உண்மையில் நிலவுவது இங்கேதான்.

எல்லாமே தோல்விதானா என்று கேட்டால், இல்லை. கேன்சஸ் சிட்டி 2017இல் ஓர் அடுத்த ஆண்டு முதல் சுற்றையும் ஒரு மூன்றாம் சுற்றையும் கூடுதலாகக் கொடுத்து 27ஆவது இடத்திலிருந்து பத்தாவதற்கு ஏறித்தான் மஹோம்ஸை எடுத்தது. 2020, 2023, 2024 பிப்ரவரிகளில் மூன்று சூப்பர் பௌல்களை வென்றது. ஒவ்வொரு மேலாளரும் மேஜையில் உட்காரும்போது மனதில் இருப்பது இந்த மஹோம்ஸ்தான். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் மனதில் பரிசு விழுந்தவர் இருப்பது மாதிரி. மீட்பர் ஒருவர் வருவார் என்கிற நம்பிக்கைக்கு ஒரே ஒரு சாட்சி போதும். வராமல் போன மீட்பர்களின் பட்டியலை யாரும் சுவரில் மாட்டுவதில்லை.

விதிவிலக்காக ஒருமுறை மாட்டினார்கள். 2012இல் வாஷிங்டன் மூன்று முதல் சுற்றுகளையும் ஓர் இரண்டாம் சுற்றையும் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்குக் கொடுத்து, இரண்டாவது இடத்தில் ராபர்ட் கிரிஃபினை எடுத்தது. முதல் பருவத்தில் அவர் ஜொலித்தார். 2013 ஜனவரியில் முழங்கால் போயிற்று. 2014 டிசம்பரில் இரு அணிகளும் மோதியபோது ராம்ஸ் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர், நாணயம் சுண்டும் சடங்குக்கு, அந்தப் பேரத்தின் மூலம் தங்களுக்குக் கிடைத்த ஆறு ஆட்டக்காரர்களைத் தலைவர்களாக அனுப்பி நிற்கவைத்தார். ரசீதை நீட்டுகிற மாதிரி. ஆட்டம் 24–0. ஆனால் வேடிக்கை இதோடு முடியவில்லை. அத்தனை உரிமைகளை வாங்கிய ராம்ஸும் அந்த ஆண்டுகளில் ஒரு பருவத்திலாவது தோல்வியைவிட அதிக வெற்றி பெறவில்லை. 2016இல் அவர்களே தங்கள் உரிமைகளைக் கொட்டிக் கொடுத்து முதல் இடத்துக்கு ஏறி ஜாரெட் காஃபை எடுத்தார்கள். நேற்று ரசீது நீட்டியவரே இன்று கடன்காரர்.

6

இனி அந்தத் தொன்மத்துக்கு வருவோம். குவார்ட்டர்பேக் மூளை, மற்றவர்கள் உடம்பு என்ற பிரிவினை வெறும் ஆட்டத் தந்திரம் அல்ல. நெடுங்காலம் அது நிறப் பிரிவினையாக இருந்தது. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடிய கறுப்பு இளைஞர்கள் தொழில்முறைக்கு வந்ததும் வேறு இடங்களுக்கு மாற்றப்படுவது சகஜம். 1978இல் வாரன் மூனை எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணிக்காக ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கோப்பை வென்றார். பிறகு என்.எஃப்.எல்லுக்கு வந்து, 2006இல் அதன் புகழ்மண்டபத்திலும் இடம்பெற்றார். அளந்தவர்களின் கோலே வளைந்திருந்தது என்பதற்கு வேறென்ன சாட்சி?

இன்று முதல் இடங்களில் கறுப்புக் குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்படுகிறார்கள். மேலே சொன்ன யங், வில்லியம்ஸ் இருவரும் கறுப்பர்களே. ஆகவே எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லலாமா? தலையில் பட்ட அடிகளால் மூளை பாதிக்கப்பட்ட முன்னாள் ஆட்டக்காரர்களுக்கான இழப்பீட்டில், கறுப்பர்களின் மூளைத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று எடுத்துக்கொள்ளும் அளவுகோல் வழக்கில் இருந்தது. அதனால் பாதிப்பை நிரூபிப்பது அவர்களுக்குக் கடினமாயிற்று. இரண்டு முன்னாள் ஆட்டக்காரர்கள் 2020இல் வழக்குத் தொடுத்தார்கள். 2021 ஜூனில்தான் இதைக் கைவிடுவதாக லீக் சொன்னது. வாங்கும்போது மூளைக்கு ஒரு விலை, வேலை முடிந்து அனுப்பும்போது இன்னொரு விலை.

டிராஃப்ட்டுக்கு முன்னால் இளைஞர்களை ஓரிடத்தில் கூட்டி உயரம், எடை, உள்ளங்கை அகலம், ஓட்ட வேகம் எல்லாம் அளக்கிறார்கள். பரிசோதனை என்பது மனிதனை அறிவதற்கான வழி மட்டுமல்ல, அவனை ஒரு கோப்பாக மாற்றுகிற அதிகார நுட்பம் என்று ஃபூக்கோ சொன்னதை நினைத்துக்கொள்ளலாம். கோப்பில் எது ஏறுகிறது, எது ஏறுவதில்லை என்பதில்தான் அரசியல். 2022இல் கிளீவ்லாண்ட், மூன்று முதல் சுற்றுகளும் வேறு உரிமைகளும் கொடுத்து ஹியூஸ்டனிலிருந்து டெஷான் வாட்சனை வாங்கி, 5 ஆண்டுகளுக்கு 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்தோடு கொடுத்தது. அப்போது இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மீது பாலியல் அத்துமீறல் புகாரோடு உரிமையியல் வழக்குத் தொடுத்திருந்தார்கள். அவர் மறுத்தார், டெக்சாஸில் விசாரித்த நடுவர் குழுக்கள் குற்றம் சாட்ட மறுத்தன, பெரும்பாலான வழக்குகள் நீதிமன்றத்துக்கு வெளியே முடிக்கப்பட்டன, லீக் 11 ஆட்டங்களுக்கு அவரை விலக்கி அபராதமும் விதித்தது. வியாபாரப் பக்கங்களில் அன்று நடந்த விவாதமோ, மூன்று முதல் சுற்று அதிகமா குறைவா என்பது. புள்ளிப் பட்டியலில் அந்தப் பெண்களுக்கு எண் இல்லை.

7

முடியாது என்று சொன்னவர்களே இல்லையா? உண்டு. 1983இல் ஜான் எல்வே தன்னைத் தேர்ந்தெடுத்த பால்டிமோருக்கு ஆட மறுத்து டென்வருக்குப் போனார். 2004இல் ஈலை மேனிங் சான் டியாகோவை மறுத்து நியூயார்க்குக்குப் போனார். இருவருமே பின்னால் சாம்பியன்கள். ஆனால் எல்வேயின் கையில் நியூயார்க் யாங்கீஸின் பேஸ்பால் வாய்ப்பு இருந்தது. மேனிங்கின் அப்பாவும் அண்ணனும் பேர்பெற்ற குவார்ட்டர்பேக்குகள். மறுப்பதற்கும் முதலீடு வேண்டியிருக்கிறது.

அது இல்லாத ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனார். 1968இல் வாஷிங்டன் முதல் சுற்றில் எடுத்த ஜேம்ஸ் ஸ்மித், முதல் பருவத்திலேயே கழுத்தில் அடிபட்டு ஆட்டத்தைவிட்டே போக வேண்டியதாயிற்று. எல்லா அணிகளோடும் பேசும் உரிமை இருந்திருந்தால் காயத்துக்கு ஈடான ஒப்பந்தம் எனக்குக் கிடைத்திருக்கும் என்று 1970இல் வழக்குப் போட்டார். 1976இல் கீழ்நீதிமன்றமும் 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அன்றைய டிராஃப்ட், போட்டியை ஒழிக்கும் கூட்டுச்சதிகளுக்கு எதிரான சட்டத்தை மீறுவதாகத் தீர்ப்பளித்தன. ஜெயித்தும் பயனில்லை. 1977லேயே சங்கம் டிராஃப்ட்டைத் தன் கூட்டு உடன்பாட்டில் ஏற்றுக்கொண்டிருந்தது. சங்கம் ஒப்புக்கொண்டால் அது சதியல்ல, உடன்பாடு. சட்டப்படி சரி.

தொழிற்சங்கத்தின் கூட்டுப்பேர உரிமை போராடிப் பெற்ற உரிமை; அதை ஏளனம் செய்வதல்ல நோக்கம். ஆனால் அந்த உரிமை, இன்னும் உள்ளே வராதவனின் கூலியைச் சீட்டாக வைத்து ஆடப் பயன்படும்போது என்ன செய்வது? மேலாளர் தனக்குப் பின்னால் வரப்போகிறவரின் உரிமையை விற்கிறார். சங்கம் தனக்குப் பின்னால் வரப்போகிறவர்களின் சம்பளத்தை விட்டுக்கொடுக்கிறது. முதலாளிகள் இரண்டையும் வாங்கிக்கொள்கிறார்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே ஒழுங்கு: பேரம் நடக்கும் அறையில் யார் இல்லையோ, அவர்தான் பணம் கட்டுகிறார்.

இந்த ஏப்ரலிலும் மேடையில் ஒரு பெயர் அறிவிக்கப்படும். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் தொப்பி மாட்டிக்கொண்டு சிரிப்பான், அம்மா அழுவாள். அந்தச் சந்தோஷம் பொய்யல்ல. கோடிகள் கிடைக்கத்தான் போகின்றன. ஆனால் அவனுக்காகக் கொடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்தப் பெரிய விலையில் ஒரு டாலர்கூட அவன் கைக்கு வரப்போவதில்லை. அவன் வேறு யாரோடும் பேச முடியாது என்பதற்காக, ஒரு முதலாளி இன்னொரு முதலாளிக்குக் கொடுத்த விலை அது.